இந்த வூட்டுல எத்தினி பேரு?

கதவைத் தட்டியதும் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இந்த வூட்டுல எத்தினி பேரு? மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, கீழே தொட்டியா வெறும் குழியா, குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது, தொட்டியைக் கடைசியாக எப்போது லாரி வந்து இழுத்தது. ஆள் கணக்குத் தெரிந்தால் தண்ணீர்க் கணக்குத் தெரியும், தண்ணீர்க் கணக்குத் தெரிந்தால் சாக்கடைக் கணக்குத் தெரியும், அதற்கப்புறம்தான் எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது என்று வரையவே ஆரம்பிக்க முடியும் என்று மேடம் சொன்னார்.

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நிலையத்துக்குத் திட்டம் போட வந்த கம்பெனியில் அவர் இன்ஜினியர். கோயம்புத்தூர்ப் பக்கம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தெரு தெரிந்த பெண்கள் வேண்டும், செல்போனில் தமிழில் அடிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். செல்போனில் அடிப்பேன். போய்விட்டேன்.

சம்பளத்துக்காகப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன். ஆவணியில் என் அக்கா செத்துப்போனாள். தை பிறந்ததும் அவள் புருஷனுக்கு என்னைக் கட்டி வைப்பதாக முடிவு பண்ணிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. அக்கா போய்விட்டால் தங்கை போவாள், குழந்தை இருந்தால் கட்டாயம் போவாள். அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மாமா வேறு ஆளும் இல்லை, அப்பாவின் கூடப்பிறந்த அத்தைக்கு மகன். எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் கடைசி வீடு. அதனால் யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை. அம்மா பாப்பாவுக்கு என்னைக் காட்டி, "சித்தி இல்லடி, அம்மான்னு சொல்லு" என்று பழக்கிக்கொண்டிருந்தாள். பாப்பாவும் சொல்லப் பழகிவிட்டது. அது அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் யாரோ வெளியே நின்று கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி இருக்கும்.

மாமாவுக்கு என்ன குறை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் கெட்டவர் இல்லை. குழாய் வேலை பார்க்கிறவர், குடிக்க மாட்டார். நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து மாமா என்று கூப்பிட்டவர். அக்கா போன பிறகு தினம் காலையில் தெருக்குழாயில் நின்று இரண்டு குடம் பிடித்துத் தோளில் ஒன்று, கையில் ஒன்றாகத் தூக்கிப் போவார். அவர் வீட்டு மோட்டார் எரிந்துபோய்விட்டது, சரி பண்ணவில்லை. குழாயடியில் பெண்கள் வழி விடுவார்கள். "ஒரு ஆம்பள குடம் தூக்கறான், பாக்கவே வயிறு எரியுது" என்பாள் அம்மா. "சட்டுபுட்டுனு முடிச்சிடணும்." அவர் தூக்குகிற ஒவ்வொரு குடமும் என் கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் தள்ளியது.

வேலையில் சிரிக்கவும் முடிந்தது. முதல் வாரமே ஒரு தாத்தா கேட்டார்.

"எத்தினி பேரா? இன்னாத்துக்கு? அரிசி ஜாஸ்தியா குடுக்கப் போறாங்களா?"

"இல்ல தாத்தா. சாக்கடைக்கு."

"அடப்பாவிங்களா. ஓட்டுக்குத்தான் எண்ணுவீங்க, இப்ப சாக்கடைக்கும் எண்ண வந்துட்டீங்களா?"

கடைவீதியில் ஒரு துணிக்கடை பாய். கீழே கடை, மேலே வீடு.

"தண்ணி எங்க பாய் போவுது?"

"கீழ போவுது."

"கீழ எங்க?"

"கடைக்குப் பின்னாடி. அதுக்கப்புறம் அல்லா வுட்ட வழி."

மாடிப்படியில் இருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, "பொய் சொல்றாரு மா. பக்கத்துக் கடை செவுத்துல போய் நிக்குது. வாராவாரம் சண்ட நடக்குது, அத எழுது" என்றார்.

"நீ உள்ள போ. அவங்க கவர்மெண்டு."

"நான் கவர்மெண்டு இல்லங்க" என்றேன்.

"அப்ப டீ குடி" என்று கொடுத்தார்.

சாயங்காலம் மாடி அறையில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்ததை மேடத்திடம் ஒப்படைப்போம். கம்ப்யூட்டரில் அவர் வரைந்துகொண்டிருந்த படத்தை எனக்குக் காட்டுவார். முதலில் கம்பி வலை, துணியும் பிளாஸ்டிக்கும் அங்கே நின்றுவிடும். அடுத்து மணல் தங்குகிற தொட்டி. அதற்கடுத்து பெரிய தொட்டி, அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்தக் காற்றில் உயிரோடிருந்து அழுக்கைத் தின்னும். காற்று நின்றால் செத்துப்போகும். அப்புறம் எல்லாம் அடியில் படிந்து தெளிகிற தொட்டி.

"பூச்சிக்கு வேலையும் குடுத்து காத்தும் ஊதுறாங்களா மேடம்? எங்க வூட்டுல வேல மட்டும் தான் குடுப்பாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் ஊருக்கு வெளியே, சாக்கடை போய் ஏரிக் கால்வாயில் விழுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். அந்த நாற்றத்தில் நின்று பார்த்தாலும் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. நிலையம் கட்ட ஏன் மேடம் இந்த மூலையைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஊரிலேயே பள்ளமான பக்கம் இதுதான், தண்ணீர் தானாக வந்து சேரும், மேட்டில் கட்டினால் மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும், கரண்டு நின்றால் ஊர் நாறும் என்றார். "எங்க பள்ளமோ அங்கதாங்க கட்டணும். வேற வழியில்ல." இவ்வளவுதான் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளம் நான்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அத்தைக்கு மருமகள் வேண்டும், பாப்பாவுக்கு அம்மா வேண்டும், அப்பாவுக்குத் தங்கச்சி உறவு விட்டுப்போகக் கூடாது. எல்லாம் தானாக என்னிடம் ஓடி வந்து நின்றது.

தொட்டி இன்றைக்கு இருக்கிற ஜனத்துக்காகக் கட்டுவதில்லை, முப்பது வருஷம் கழித்து இருக்கப்போகிறவர்களுக்காகக் கட்டுவது என்றும் சொன்னார். இன்றைக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அன்றைக்கு எத்தனை பேர் என்று போட முடியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் என்னைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் கழித்து நான் எதிர்வரிசைக் கடைசி வீட்டில், அக்கா சமைத்த அடுப்பில், அக்கா படுத்த இடத்தில் இருப்பேன். அந்த வீட்டுக் கண்ணாடியில் அவளுடைய பொட்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அக்கா எப்படிச் செத்தாள் என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காமாலை. ஏழாம் மாசம். முதலில் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்றாள், புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்றோம். கண் மஞ்சளானதும்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் காமாலைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். ஊசி போட்டால் ஆளைக் கொன்றுவிடும் என்று பச்சிலைக்குத்தான் போவார்கள். காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். நாங்களும் விடியற்காலை பஸ் பிடித்து மலைக்குப் போனோம். கரியாலூர் தாண்டி ஒருவர் மருந்து கொடுக்கிறார் என்று சொன்னார்கள். வளைவு வளைவாக ஏறும்போது அக்கா என் மடியிலேயே தலை வைத்துப் படுத்திருந்தாள். உடம்பில் சூடு இல்லை, ஆனால் கனமாக இருந்தாள்.

அந்த மனிதர் அவளுடைய கண்ணைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "புள்ளத்தாச்சிக்கு நான் குடுக்க மாட்டேன். ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றார். அம்மா காலில் விழாத குறை. அவர் அசையவில்லை. கீழே இறங்கும்போது அத்தை, "எவ்ளோ திமிரு பாரு. மல ஏறி வந்தவங்கள தொரத்தறான்" என்றாள். நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம். மலையடிவாரத்தில் இன்னொருவர் கொடுத்தார். அதை வாங்கிக் கொடுத்தோம். உப்பில்லாக் கஞ்சி கொடுத்தோம். இரண்டாம் நாள் அவள் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் சிரித்தேன், விளையாடுகிறாள் என்று. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அங்கேயே போய்விட்டாள். வயிற்றில் இருந்ததை எடுத்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும் என்று ஊரில் சொன்னார்கள். எடுத்தார்கள். ஆண் குழந்தை. அதற்குத் தனிக் குழி.

மார்கழி பிறந்ததும் எங்கள் தெருவின் முறை வந்தது. மேடமும் கூட வந்தார், சாக்கடை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்க்க. காலையில் வாசலெல்லாம் கோலம். சாணித் தண்ணீரும் கோலமாவும் கலந்து சாக்கடையில் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் என்னை, அப்பாவை, அம்மாவை எண்ணி மூன்று என்று போட்டேன். அப்பா ரெகுலேட்டட் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார், அம்மா ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு உரிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "உன் வூட்டயே நீ கேட்டுக்கினு நிக்கற, கூத்துடி இது" என்று சொல்லிப் போனாள்.

கடைசி வீட்டில் அத்தை வாசலில் இருந்தாள்.

"எத்தினி பேரு அத்த?"

"நாலு போடு."

அக்கா இருக்கும்போது நாலு. அத்தை, மாமா, அக்கா, பாப்பா.

"மூணு தான அத்த?"

"தையில நாலு ஆயிடும்ல? அப்பால ஒருக்கா வந்து மாத்துவியா? நாலே போடு." மேடத்தைப் பார்த்து, "என் அண்ணன் பொண்ணு தாங்க. தையில இந்த வூட்டுக்குத்தான் வரப்போவுது" என்றாள்.

மேடத்துக்கு ஒன்றும் தெரியாது. முகம் மலர்ந்து, "அப்படிங்களா! சொல்லவே இல்ல பாருங்க. நாலுன்னே போட்டுடுங்க, நாம வரப்போற காலத்துக்குத்தான கணக்குப் போடறோம்" என்றார்.

நான் நாலு என்று அடித்தேன். என் வீட்டில் ஒருத்தியாக என்னை எண்ணியாயிற்று, இங்கேயும் எண்ணியாயிற்று. இந்த ஊர் கட்டப்போகிற தொட்டியில்கூட எனக்கு இடம் முடிவாகிவிட்டது.

அதற்குள் மேடம் சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையைத் தூக்கச் சொன்னார். கூட வந்த ஆள் கடப்பாரையால் நெம்பினான். உள்ளே கறுப்புத் தண்ணீர். அதற்குள் முங்கியபடி ஒரு கறுப்பு ஓஸ் பைப்பு, தெருக் குழாயிலிருந்து அத்தை வீட்டுக்குள் போகிற பைப்பு. நடுவில் ஒரு ஒட்டு. அதைச் சுற்றி சிவப்பு சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டியிருந்தது. டியூப் இற்றுப்போய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"குடிதண்ணி பைப்பு இதுங்களா?" மேடம் குனிந்து பார்த்தார். "இதுல மோட்டார் வெச்சு இழுத்தீங்கன்னா சாக்கடையும் சேர்ந்து உள்ள வந்துருமே. தண்ணி வேகமா வராத நேரத்துல இழுக்கறப்ப இந்த ஓட்டை வழியா அப்படியே உறிஞ்சும்." போட்டோ எடுத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்த வீட்டுல யாருக்காச்சும் காமாலை வந்துச்சுங்களா?"

அத்தை, "வந்துச்சி. என் மருமவளுக்கு. போய்ட்டா" என்றாள். டியூப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தோன்றியது. அந்த டியூப்பு கட்டினபோது நான் அங்கேதான் இருந்தேன். போன மாசியில். அக்காவுக்கு அப்போதுதான் மாசமாகித் தலை சுற்றல் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவளைக் குடம் தூக்க விடமாட்டேன் என்று மாமா ஒரே நாளில் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பைப்பு போட்டார். தோண்டுவதற்கு இடம் இல்லை, எல்லா வீட்டுக்கும் சாக்கடை வழியாகத்தான் போகிறது, அவரும் அப்படியே போட்டார். பைப்பு கொஞ்சம் எட்டவில்லை, ஒரு துண்டு சேர்த்து டியூப்பால் கட்டினார். மோட்டாரைப் போட்டதும் சமையல் மேடையில் இருந்த குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அக்கா கைதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "திருவுனா வருதுடி, திருவுனா நிக்குதுடி" என்று திருகித் திருகிக் காட்டினாள். எல்லாருக்கும் டீ போட்டாள், அந்தத் தண்ணீரில்.

அன்றைக்கு வேலை எப்படி முடிந்தது என்று நினைவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பாப்பாவை விடுவதற்காக அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா வேலையிலிருந்து வந்து, மூடி வைத்த சிமெண்டுப் பலகை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா உள்ளே ஓடிப்போனது.

"போட்டோ எடுத்தாங்களாமே" என்றார்.

"எடுத்தாங்க."

"அது நான் கட்னது."

"தெரியும் மாமா. நான் பாத்துக்கினு தான இருந்தேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மோட்டாரு எரியல."

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டாங்க, வூட்டுக்குத் தண்ணி எங்கருந்து வருதுன்னு. கொழாயிலருந்துன்னேன். மோட்டார் வச்சி இழுக்கறீங்களான்னாங்க. ஆமாங்கன்னேன். தண்ணியப் பத்தி வேற ஒண்ணும் சொல்லல, எழுதிக்கினு போய்ட்டாங்க. நான் கொழா வேல பாக்கறவன். எனக்கு யாரும் சொல்ல வேணாம். காரியம் முடிஞ்சதும் ஒயர அத்துட்டேன். எரிஞ்சி போச்சின்னு அம்மாகிட்ட சொன்னேன்."

"நீங்களும் தான குடிச்சீங்க. அத்த குடிச்சாங்க. நான் குடிச்சேன்."

"எனக்கும் அப்ப காய்ச்சல் இருந்துச்சி, தானா வுட்டுடுச்சி. நமக்கெல்லாம் வந்தா போய்டுமாம். புள்ளத்தாச்சி தாங்க மாட்டாளாம். அதான் சொன்னாங்க."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் வாயை மூடி, போன பிறகு திறந்தார்.

"நீ உங்கம்மாகிட்ட சொல்லிடு. சொன்னா கல்யாணம் நின்னுடும்."

"நீங்க வேணாம்னு சொல்லக் கூடாதா மாமா?"

"சொல்லலன்னு நெனச்சியா? அழுதுக்கினே சொன்னேன். பொண்டாட்டி மேல எவ்ளோ உசிரு பாரு, பாவம், இவன இப்டியே வுடக் கூடாதுன்னு அன்னிக்கே போய் நாள் பாத்துக்கினு வந்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அக்கா செத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அது ஒருதரம்தான். உடனே நின்றும் போயிற்று.

"சொன்னா பாப்பாவ உங்ககிட்ட வுடுவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். இத்தனை நாளாக ஊரே பார்த்துப் பரிதாபப்பட்ட அந்த நடை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

வெளியே போக எனக்கு ஒரு கதவு இருந்தது, அதைத் திறந்தால் அவர் மேல்தான் விழும். அந்த வாரம் முழுவதும் அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பேன், மூடிக்கொள்வேன். ஒருநாள் அம்மா பெட்டியைத் திறந்து அக்காவின் கூரைப்புடவையை எடுத்தாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. "புதுசு எதுக்கு? ஒரே ஒரு தடவ கட்னது. உனக்கு ஜாக்கெட்டு மட்டும் தச்சிக்கினா போதும்" என்று என் தோளில் போட்டுப் பார்த்தாள். போட்டுவிட்டு அவளே அழுதாள். புடவையில் அக்காவின் பவுடர் வாசனை இருந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "தங்கமான புள்ளடி அவன். குடம் தூக்கறான் பாரு" என்றாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், அப்பா தங்கச்சி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரி இறைப்பார், மாமாவுக்கு ஒன்றுமே மிஞ்சாது. அவர் அந்தப் பைப்பை அவளுக்காகத்தானே போட்டார். சொல்லாவிட்டால் தை வந்துவிடும். இரவு சாப்பாடு இறங்கவில்லை. காமாலையா என்று அம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

மாமாவிடம் மட்டும் ஒன்று சொன்னேன். குழாயடியில் வைத்து, குடம் நிறைகிற சத்தத்தில். "நான் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா அந்தப் பொடவய நான் கட்ட மாட்டேன். நீங்களே எதனா பண்ணுங்க." அவர் நிறைந்து வழிகிற குடத்தையே பார்த்தார்.

கணக்கு எடுத்த வீடுகளில் சிலதை மறுபடியும் போய்ச் சரிபார்ப்பது மேடத்தின் வழக்கம். போட்டோ எடுத்த வீடு எல்லாவற்றுக்கும் கட்டாயம் போக வேண்டும். அப்படித்தான் மறுபடி அத்தை வீட்டு வாசலில் நின்றோம். அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா வாசல்படியில் பாப்பாவுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார். மேடம், "முதல்ல இருந்து கேளுங்க" என்றார்.

கேட்டேன். "இந்த வூட்டுல எத்தினி பேரு?"

"அன்னிக்கே நாலுன்னு சொன்னேன்ல. காலங்காத்தால இன்னாடி விளையாட்டு?" என்றாள் அத்தை.

"மூணு" என்றார் மாமா.

"டேய்."

"மூணுன்னு போடு மா." என்னைப் பார்த்துச் சொன்னார். பாப்பாவின் முகத்தை அவர் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பிறகும்.

"அவன் கெடக்கறான், நீ நாலு போடு. தையில..."

"தையில ஒண்ணும் இல்லமா. மோட்டாரு எரியல. நான் தான் ஒயர அத்தேன். அன்னிக்கி இவங்க போட்டோ எடுத்தாங்களே, அந்த ஓட்டக் கொழாயில வந்த தண்ணியத்தான் அவ குடிச்சா. அதுல தான் காமால வந்துச்சி. நான் தான் போட்டுக் குடுத்தேன்."

அத்தைக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறியதும் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "கத்தாதடா. தெருவுல கேக்கும்" என்றாள். அவர் கத்தவே இல்லை. ஆனால் பக்கத்து வாசலில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான் நாலை அழித்து மூன்று என்று அடித்தேன். மாற்ற வேண்டுமா என்று செல்போன் கேட்டது. ஆமாம் என்றேன். மேடம் என் முதுகில் கை வைத்தார். அப்போதுதான் செத்தது என் அக்கா என்று அவருக்குப் புரிந்தது.

மத்தியானத்துக்குள் செய்தி மில்லுக்குப் போய்விட்டது. அம்மா கையெல்லாம் கிழங்கு மாவு வெள்ளையாகக் காய்ந்திருக்க அப்படியே ஓடி வந்தாள். யாரையும் திட்டவில்லை. பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தூக்கச் சொன்னாள். மாமாதான் தூக்கினார். அவள் அந்தச் சிவப்பு டியூப்பை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தாள். மாமா பின்னால் வரவில்லை. அத்தை மட்டும், "எல்லார் வூட்டுக் கொழாயும் அதுல தான போவுது. எம்புள்ளைய மட்டும் இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். அது உண்மைதான். அந்த வாரம் தெருவில் நிறையப் பேர் அவரவர் பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தை வந்தது, போனது. கூரைப்புடவை பெட்டிக்குள் போய்விட்டது. அத்தை குழாயடியில், "கேள்வி கேக்க வந்தவ குடும்பத்தையே கெடுத்துட்டா" என்கிறாள். நான் கேட்டுக்கொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வருகிறேன். மாமா பைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரோரமாக உயரத்தில் புதுசு போட்டிருக்கிறார். மோட்டார் இல்லை. சொட்டுச் சொட்டாக வருகிறது என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

பாப்பா எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூங்கும். சித்தி என்று சொல்லு என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. வீடு வீடாகக் கேட்கிற வேலை முடிந்ததும், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற வேலைக்கு வருகிறாயா, விடியற்காலையில் இருந்தே நிற்க வேண்டும் என்று மேடம் கேட்டார். பாப்பாவை யார் பார்ப்பது என்றாள் அம்மா. அம்மா மில்லுக்குப் போக வேண்டும், அப்பா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நான் போகவில்லை. கல்யாணம் பண்ணாமலேயே அம்மாவாகிவிட்டேன், வாசலைத் தாண்ட முடியவில்லை.

மேடம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் வந்து பார்த்தார். படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இடம்தான் இன்னும் முடிவாகவில்லை என்றார். உங்கள் தெருக் கணக்கு சரியாக இருக்கிறது என்றார்.

"இல்ல மேடம். கடைசி வூட்டுல இப்ப ரெண்டு பேரு. எங்க வூட்டுல நாலு."

அவர் ஒரு நொடி யோசித்தார். "தெருவோட மொத்தம் மாறலைங்கல்ல? அப்பப் பிரச்சினை இல்லைங்க. விட்டுடலாம்." அவர் தொட்டியைப் பற்றிச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சாயங்காலமானால் மாமா வேலையிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வருகிறார். படியேற மாட்டார். பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். அம்மா உள்ளே அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், அவர் போகிற வரைக்கும் திரும்ப மாட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். நான் கதவருகில் நிற்பேன், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

நேற்றும் வந்தார். வெயில் ஆரம்பித்துவிட்டது. சட்டையெல்லாம் வேர்வை, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பாப்பா அவர் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தது. அவர் வரவில்லை.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அவனுக்குத் தண்ணி குடுடி." நான் சொம்பை எடுத்தேன். "அதுல இல்ல. காய்ச்சி வச்சிக்கீறேன் பாரு, அதுல இருந்து குடு."